நடுங்காத கோடு

மலேரியாவை உலகத்திலிருந்து துடைத்தெறிவது பற்றிப் பேசும் அரங்குகளில் இலங்கையின் வரைபடம் ஒரு தடவையாவது திரையில் விழுந்துவிடும். 1999இல் 264,549 நோயாளர். அங்கிருந்து கோடு சரியத் தொடங்குகிறது. 2007இல் இருநூறுக்குக் கீழே போகிறது. பிறகு சில நூறுகளுக்குள் ஏறி இறங்குகிறது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. மூன்று ஆண்டுகளுக்குமேல் அப்படியே இருந்ததால் 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. வெப்பமண்டல நாடொன்று, அதுவும் ஒரு போருக்கு நடுவில் தொடங்கி, இதைச் செய்துகாட்டியது சின்ன விஷயமில்லை. கைதட்டத்தான் வேண்டும், நானும் தட்டுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கண் அந்தக் கோட்டில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. 2009. அந்த ஆண்டிலும் கோடு நடுங்கவில்லை. அறுநூறுக்கும் குறைவான நோயாளர், அவ்வளவுதான். போரின் இறுதிக்கட்டமான அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் வன்னியில் எப்படிப் போயின என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அப்போது விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க யார் மிஞ்சியிருந்தார்கள்? காய்ச்சல்காரர் எந்த வைத்தியசாலையைத் தேடிப் போயிருப்பார்? காய்ச்சலோடு பதுங்குகுழிக்குள் சுருண்டு கிடந்தபோது ஷெல் விழுந்து செத்தவர் எந்த நிரலில் வருவார்? மலேரியா நிரலில் வரமாட்டார். வரைபடம் பொய் சொல்லவில்லை, எதை எண்ண வந்ததோ அதை எண்ணியிருக்கிறது. ஒரு நோயின் கணக்கேட்டில் வேறு சாவுகளைத் தேடுவது வீண்வம்பு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. உறுத்தல் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 மே மாதத்தோடு ஏறக்குறைய மூன்று இலட்சம் சனம் செட்டிகுளம் முகாம்களுக்குள் வந்து நிறைந்தது. செட்டிகுளம் பழைய மலேரியாப் பிரதேசம். தறப்பாள் கூடாரம், மழைத்தண்ணி தேங்கும் வாய்க்கால், மாதக்கணக்கில் அரைவயிற்றோடு இருந்த உடம்புகள்: ஒரு பெருந்தொற்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கே தயாராக இருந்தன. சுகாதாரத் துறையில் பலரும் அதற்குப் பயந்தார்கள். வரவில்லை. வலை கொடுத்தார்கள், மருந்து விசிறினார்கள், காய்ச்சல் என்று வந்தவர்களின் இரத்தத்தைப் பார்த்தார்கள். ஆக, கோடு நடுங்காமல் போனதற்குப் பின்னால் உண்மையான உழைப்பு உண்டு. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் முள்வேலிக்குள் வைத்திருக்கும் சனத்தைச் சோதிப்பது சுலபம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. யாரும் எங்கேயும் போய்விட முடியாது. கூடார இலக்கம் இருக்கிறது. ஆட்கணக்கு தினமும் எடுக்கப்படுகிறது. நோய்க் கண்காணிப்பும் மற்றக் கண்காணிப்பும் ஒரே வேலிக்குள் நடந்தன. அந்த நாட்களில் இரத்தம் கொடுக்கக் கை நீட்டிய ஒரு கிழவிக்கு, எதிரில் பேனாவோடு இருப்பவர் எந்தக் கணக்கை எழுதுகிறார் என்று தெரிந்திருக்குமா?

யாழ்ப்பாணத்துச் சனம் மலேரியாவை நெருங்கிக் கண்டது வன்னியில்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. பிறகு கிளாலி கடந்து பெருந்தொகையானோர் வன்னிக் காடுகளுக்குள் போனார்கள். பெரிய ஆறு ஏதும் இல்லாத குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் அவ்வளவு பழக்கமில்லை. முதலில் கொட்டாவி வரும். நாரி உளையும். பிறகு நகக்கண் நீலம் பாய்ந்து குளிர் ஏறும். பாய், சீலை, சாக்கு, எதைப் போட்டு மூடினாலும் நிற்காது, பல் கிட்டிக்கொள்ளும், மேலே ஆள் ஏறிப் படுத்து அமத்தினாலும் அந்த ஆளையும் சேர்த்து உலுப்பும். ஒரு மணி நேரத்தில் அதே உடம்பு அடுப்புச் சட்டிபோலக் கொதிக்கும். அதன் பிறகு வேர்வை, பாய் நனையும் அளவுக்கு. பிறகு நித்திரை. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பித் தண்ணி அள்ளப் போவார்கள். ஒன்றுவிட்டொருநாள் வரும் காய்ச்சல் ஆனபடியால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாழ்க்கையே அந்த முறைக்கு ஏற்ப ஒழுங்காகிவிட்டிருந்தது. “இண்டைக்கு எனக்குக் காய்ச்சல் நாள் அக்கா, நிவாரணத்துக்கு நாளைக்கு வாறன்” என்று வரிசையில் சொல்லி அனுப்பும் அளவுக்கு. குளோரோகுயின் குடித்தால் இரத்தத்திலுள்ள கிருமி சாகும். ஈரலுக்குள் உறங்கிக் கிடப்பது சாகாது. அதற்குப் பிறிமாகுயின், 14 நாள், ஒரு நாள் விடாமல். வாரத்துக்கு ஒரு இடம் என்று ஓடுகிற குடும்பம் 14 நாள் மாத்திரையை எந்தப் பைக்குள் பத்திரப்படுத்தும்? மாதங்கள் கழித்து இன்னொரு ஊரில், இன்னொரு கூடாரத்தில், யாரும் புதிதாகக் கடிக்காமலே காய்ச்சல் திரும்ப வரும். வைவாக்ஸ் கிருமியின் சுபாவம் அது.

1999இன் உச்சத்துக்குப் பிறகு கோடு சரிந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை: பூச்சிமருந்துகளை மாற்றி மாற்றி விசிறியது, நீண்டநாள் மருந்து ஊறிய வலைகள், காய்ச்சல் உள்ள இடத்துக்கே போய் இரத்தம் பார்த்த நடமாடும் கிளினிக்குகள், 2003க்குப் பிறகு வந்த உலகளாவிய நிதியத்தின் பணம். எல்லாம் சரி. இவற்றில் பெரும்பகுதி சோதனைச் சாவடிகளைக் கடந்து போகவேண்டியிருந்தது. பற்றரி, மண்ணெண்ணெய், மருந்து என்று எதற்கும் தடையும் கட்டுப்பாடும் இருந்த பாதையில் நுளம்புமருந்து போனது. அரசின் மலேரியாத் தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலர்கள் கட்டுப்பாடற்ற பகுதி என்று அரசாங்கம் சொன்ன இடங்களுக்குள்ளும் வேலை செய்தார்கள். புலிகளும் அதைத் தடுக்கவில்லை. நுளம்பு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்றன என்று இதைப் பற்றி எழுதுபவர்கள் நெகிழ்வார்கள். எனக்கு அவ்வளவு நெகிழ்ச்சி வருவதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு சீருடை பார்த்துக் கடிப்பதில்லை. காவலரணில் படுத்த சிப்பாய்க்கும் காட்டுமுகாமில் படுத்த போராளிக்கும் அதே குளிர்தான். இரண்டு தரப்புக்கும் காய்ச்சலில்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடைசிக் காலத்தில் உள்நாட்டில் தொற்றியவர்களில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் நிறுத்தப்பட்டிருந்த படையினர் என்பதும் பதிவில் இருக்கிறது. நன்மை நடந்தது, காரணம் எதுவாயிருந்தாலும் பிள்ளைகள் தப்பினார்கள், அதைக் குத்திக் கிளறுவானேன் என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு பூச்சிக்காகத் திறக்க முடிந்த பாதை வேறு எதற்கும் ஏன் திறக்கவில்லை என்று கேட்பதும் நியாயம்தானே.

இந்தத் தீவு பூச்சியத்துக்கு மிகக் கிட்டப் போனது இது முதல் தடவையில்லை. 1946இல் ஏறக்குறைய 28 இலட்சம் நோயாளர் இருந்த நாட்டில் வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி விசிறி, 1963இல் பதினேழு என்று கொண்டுவந்தார்கள். 17. அவர்களிலும் பெரும்பாலானோர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 1955இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டத்துக்கு இதைவிட அழகான விளம்பரம் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டோடு விசிறுவதை நிறுத்தினார்கள். இல்லாத நோய்க்கு ஏன் செலவு? எலஹெர போன்ற இடங்களில் மாணிக்கம் தோண்டிய குழிகளில் மழைத்தண்ணி தேங்கியது. ஊர்விட்டு ஊர் வந்த கூலியாட்கள் அந்தக் குழிகளின் பக்கத்திலேயே படுத்தார்கள். சேனைப்பயிர் செய்பவர்கள் சுவரில்லாத குடில்களில் இருந்தார்கள், மருந்தடிக்கச் சுவர் வேண்டுமே. 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் இலட்சக்கணக்கில் பொங்கிவிட்டது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேல். பூச்சிமருந்துகளைக் கண்டித்து ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய புத்தகத்துக்குப் பயந்து டிடிடியை நிறுத்தியதால்தான் இலங்கையில் மலேரியா திரும்பியது என்று இன்றும் அமெரிக்காவில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுத்த அபத்தம். நோய் போய்விட்டது என்று நினைத்தும் காசு மிச்சம் பிடிக்கவும் நிறுத்தினார்கள். திரும்பி வந்ததும் அதே டிடிடியை மறுபடி விசிறினார்கள். நுளம்பு அதற்குள் அந்த மருந்துக்கு மசியாமல் போய்விட்டது. எழுபதுகளில் மலத்தியனுக்கு மாறினார்கள். 1969இல் உலக சுகாதார நிறுவனமும் தன் பெருந்திட்டத்தைக் கைவிட்டது. ஆபிரிக்காவின் பெரும்பகுதியை முதலிலிருந்தே அந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை என்பதை அதன் வெற்றிகளையும் தோல்விகளையும் பேசுபவர்கள் பல நேரம் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

டிடிடி பற்றி இன்னொரு கதையும் உண்டு, அதைச் சுகாதார வரலாறுகளில் நன்மைப் பட்டியலில் எழுதுவார்கள்: உலர்வலயம் திறந்தது. நூற்றாண்டுகளாகக் காய்ச்சலுக்குப் பயந்து சனம் அடர்த்தியாகக் குடியிராத காடுகளில் இனிக் குடியேறலாம் என்றாயிற்று. 1949இல் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டின் கடைசியில், தமிழ்ப் பகுதிகளில் இத்தகைய குடியேற்றங்களை எதிர்ப்பதை ஒரு முக்கிய கோரிக்கையாக வைத்துத் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1956இல் கல்லோயாவில் தமிழர்கள் வெட்டப்பட்டார்கள். மருந்துக் கைப்பம்பு முன்னால் போக, அதன் பின்னால் நில அளவையாளரும் உழவு இயந்திரமும் பொலிசும் போன வரிசையைப் பார்க்கிறபோது, நுளம்பு போன இடத்துக்கு என்ன வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இதைச் சொன்னவுடன் ஒரு கூச்சமும் வருகிறது. காய்ச்சல் அப்படியே இருந்திருக்கலாம், நிலம் மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்கிறேனா? 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஈரவலயத்து ஆறுகள் வற்றித் திட்டுத்திட்டாகக் குட்டைகளாகி, அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகி, ஏழெட்டு மாதத்துக்குள் 80,000 பேர் அளவில் செத்தார்கள். கேகாலைப் பக்கம் பிணம் தூக்க ஆளில்லாத நிலை. பசியால் பாதி செத்திருந்த உடம்பைத்தான் காய்ச்சல் மீதியையும் கொன்றது. அதனால்தான் அங்கே நிவாரண வேலை செய்த இடதுசாரி என். எம். பெரேராவுக்குக் குயினைன் மாத்தையா என்றில்லாமல் ‘பருப்பு மாத்தையா’ என்று பெயர் வந்தது. பிள்ளை செத்த வீட்டின் முன்னால் நின்று நுளம்பு நல்ல காவல்காரன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும். எனக்கு வராது. ஆனாலும் மருந்துப்பம்பையும் குடியேற்றத்தையும் ஒரே பந்தியில் எழுதாமல் விடவும் எனக்கு முடியவில்லை.

சான்றிதழ் கிடைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2016 டிசெம்பரில் மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு நுளம்பைப் பிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டெபென்சி, இலங்கையில் அதுவரை காணாதது. சென்னையில் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றிலும் மேல்மாடித் தண்ணீர்த்தொட்டியிலும் குடியிருந்து நகரத்துக்கு மலேரியா கொடுத்துவந்த அதே வகை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் 30 கிலோமீற்றர் அளவுக் கடல்; அகதிகள் வள்ளத்தில் கடந்த கடல். அந்த நுளம்பு வள்ளத்தில் வந்ததா காற்றில் வந்ததா என்று வாதிட்டுக்கொண்டிருக்கலாம், அதற்குள் அது யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கும் வந்துசேர்ந்துவிட்டது. காட்டு ஓடையை நம்பியிருக்கும் நுளம்பில்லை இது, கட்டிய கிணற்றின் தெளிந்த தண்ணீர் போதும். கிணற்றுக்குள் புழு தேடுகிறவர்கள் ஒரு முகக்கண்ணாடியை வெயிலுக்குப் பிடித்து அந்த வெளிச்சத்தைத் தண்ணீர்மேல் விழுத்துவார்கள். மற்ற நுளம்பின் புழு தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் புழு தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும், சின்னத் தும்புபோல. வெளிச்சம் பட்டதும் பின்பக்கமாக விறுக்கென்று நகரும். வாளியைச் சத்தமில்லாமல் சரித்துக் கோலவேண்டும், ஆட்டினால் கீழே போய்விடும். குடிக்கிற கிணற்றில் மருந்துபோட வீட்டுக்காரருக்கு மனம் வராது. மீன் விட்டால் பொறுத்துக்கொள்வார்கள். இதே நுளம்பு 2012இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டித் துறைமுகத்தில் காணப்பட்டது. மலேரியாவை ஒழிக்கும் தறுவாயில் இருந்த நாடு அது. அந்த ஆண்டில் 27 நோயாளர். 2020இல் 73,000க்கு மேல். பேசாலைக் கிணற்றைப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். இப்போதைக்கு அந்த நுளம்பிடம் கிருமி இல்லை. கிருமி வருகிற வழி மனித உடம்பு.

ஆகவே இரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்த காலத்தில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் அளவில் இரத்தப் பூச்சுகளைச் சோதித்தார்கள்; அவற்றில் கிருமி இருந்தது ஏறக்குறைய ஐம்பதில், எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுடையவை. கிளிநொச்சியிலோ மன்னாரிலோ ஒரு நுணுக்குக்காட்டியின் முன்னால் இருக்கும் இளம் தொழில்நுட்பவியலாளரை நினைத்துப் பார்க்கிறேன். ஜீம்சாச் சாயத்தில் ஊதா படிந்த கண்ணாடித் துண்டு. ஒவ்வொரு பூச்சிலும் நூறு புலமாவது பார்க்கவேண்டும். ஒரு நீல வளையம், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் தேடுகிற பொருள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் ஊர்க்காரர் ஒருவரின் இரத்தத்திலும் அவர் அதைக் கண்டிருக்கமாட்டார். கண் பழுதுபடாமல் இருக்கக் கிருமியுள்ள பழைய கண்ணாடிகளை இடைக்கிடை கொடுத்துப் பரீட்சித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஒன்றும் கிடைக்காத வேலைக்குச் சம்பளம் கொடுப்பது எந்தத் திறைசேரிக்கும் பிடித்த காரியமில்லை. டெங்கு கண்முன்னால் பிள்ளைகளைக் கொல்கிறது, அங்கே ஆட்களை அனுப்பு என்று யாராவது சொன்னால் என்ன மறுமொழி சொல்வது? உலகக் கணக்கும் இதே மாதிரித்தான். 2023இல் மலேரியாவால் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் செத்தார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆபிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த ஆண்டுக்குத் தேவை என்று கணக்கிட்டது 830 கோடி டொலர். கிடைத்தது 400 கோடி. 2025 தை மாதம் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியபோது வலைகளும் மாத்திரைகளும் அதோடு மாட்டிக்கொண்டன. தடுப்பூசி இரண்டு வந்துவிட்டன, நல்லது. ஆனால் 1964இன் கொழும்பில் பேசிய பேச்சை இன்று பல தலைநகரங்களில், பல மொழிகளில், கணக்காளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதுதான் கஷ்டம்.

வைத்தியர்களும் மறந்துவிட்டார்கள். இப்போது காய்ச்சல் என்று போனால் முதலில் டெங்குவுக்குத்தான் இரத்தம் எடுப்பார்கள். மலேரியா நினைவுக்கு வர நான்கைந்து நாள் ஆகும், பால்சிபரம் வகை என்றால் அந்த நான்கைந்து நாளில் மூளைக்கு ஏறிவிடலாம். அதற்குத்தான் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கச் சொல்லிச் சுற்றறிக்கை போகிறது, சுவரொட்டி ஒட்டுகிறார்கள்: அண்மையில் எங்கே போய்வந்தீர்கள்? நாடு முழுவதும் இருக்கும் பூச்சியத்தைக் காக்கிற ஆயுதம் கடைசியில் இந்த ஒரு கேள்விதான். நல்ல கேள்வி, மலிவான கேள்வி. ஆனால் வடக்கில் இதே கேள்வி வேறு வாய்களிலிருந்தும் வந்திருக்கிறது. 2012இல் கனடாவுக்குக் கப்பல் ஏற்றுவதாகச் சொல்லப்பட்டு மேற்கு ஆபிரிக்காவில், கினியிலும் டோகோவிலும், மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துப் பிள்ளைகள். முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தத்தில் மலேரியா இருந்தது. விமானநிலையத்தில் சுகாதார அலுவலர் ஒருவர் கேட்டிருப்பார், எந்த நாடு, எவ்வளவு நாள், எந்த வழியாக, யாரோடு. அடுத்த மேசையில் புலனாய்வுக்காரரும் அதையேதான் கேட்டிருப்பார், சொல்லுக்குச் சொல். முன்னவருக்குச் சொல்லவேண்டிய விடை பின்னவருக்கு மறைக்கவேண்டிய விடை. அந்த வரிசையில் நிற்கிற, குளிர் தொடங்கிவிட்ட ஒரு இருபது வயதுப் பொடியன் எந்த மேசைக்கு உண்மை சொல்வான்? நோய் ஒழிப்பு நம்பிக்கையில் நடக்கிற வேலை என்று கைநூல்களில் எழுதியிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஒரு மேசையில் கேட்டுவிட்டு அடுத்த மேசையில் உடைக்கிற நாடு, தன் பூச்சியத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதைப் பூச்சியியலாளரிடம் கேட்டுப் பயனில்லை.

மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஆபிரிக்காவுக்கு மாணிக்கம் வாங்கப் போகும் வியாபாரிகளுக்கும் ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் சிப்பாய்களுக்கும் அது கிடைக்கும். அலுவலகத்தில் போய் எந்த நாடு, எத்தனை நாள் என்று சொன்னால் போதும். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டியவருக்கு இந்த இரண்டுக்கும் விடை தெரியாது.